மூணாவது வேலை

அந்தப் பக்கம் பாருங்க சார், வண்டி திரும்பும்போது தெரியும். ரவுண்டானா நடுவுல. பாத்தீங்களா? பவுண்டன். பட்டப்பகல்ல கலர் லைட்டு எரியுது. மூணு மீனு வாயில இருந்து தண்ணி கொட்டுற மாதிரி பண்ணியிருக்கான். ஒரு மீனு கொட்டவே இல்ல, மத்த ரெண்டும் ரோட்டுல போறவன் மேல கொட்டுது. கருமம். இந்த ஊர்ல எதை முதல்ல செய்யணும், எதை அப்புறம் செய்யணும்னு யோசிக்கிறதுக்கு ஒரு ஆள் கிடையாது சார். சும்மா பஸ்ல பொழுது போகலைன்னு பேசுறேன்னு நினைச்சுடாதீங்க. நான் உள்ள இருந்து பாத்தவன்.

நீங்க கடைசி ஸ்டாப்பா? நல்லது, நானும் அங்கதான். எங்க கட்சி மாவட்டச் செயலாளரைப் பாக்கணும். கொஞ்சம் தள்ளி உக்காருங்க, ஜன்னல்ல சாரல் அடிக்குது.

என் பேரு சோலையப்பன். பதினெட்டாம் வார்டு கவுன்சிலர். நான்னா நான் இல்ல, என் வீட்டுக்காரி தமயந்தி. அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை நான்தான். அப்புறம் வார்டைப் பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கிட்டாங்க, சரின்னு அவளை நிக்க வச்சேன். போஸ்டர்ல அவ போட்டோ சின்னதா, என் போட்டோ பெருசா. சனம் என் மூஞ்சியைப் பாத்துத்தான் ஓட்டுப் போட்டுச்சு. அது அவளுக்கும் தெரியும். தெரிஞ்சிருக்கணும்.

உங்களுக்கு ஒன்னு சொல்றேன், இது வெளிய யாரும் சொல்ல மாட்டாங்க. மாநகராட்சியில வருசா வருசம் கேப்பாங்க, உங்க வார்டுக்கு என்ன வேணும், எது முக்கியமோ அதை முதல்ல வச்சு வரிசையாச் சொல்லுங்கன்னு. மூணு வேலை சொல்லலாம். முதல்ல சொல்றது நடக்கும். ரெண்டாவது, மேயருக்கு வேண்டியவனா இருந்தா நடக்கும். மூணாவது எந்தக் காலத்துலயும் நடக்காது. எல்லா கவுன்சிலருக்கும் இது தெரியும். ஆனா அந்த மூணாவது இருக்கே, அது இல்லாம அரசியல் பண்ண முடியாது சார். ஒருத்தன் வந்து, எங்க தெருவுக்கு ஒன்னுமே செய்யலையேன்னு நிக்கிறான்னு வைங்க. சொல்லியிருக்கேன்ப்பா, மேல நிக்குதுன்னு அனுப்பிடலாம். பொய் இல்ல பாருங்க, சொல்லித்தான் இருக்கோம். அவன் மனசும் நோகாது, நம்ம மனசும் நோகாது. அந்தப் பக்குவம் இப்ப எவனுக்கு இருக்கு?

எங்க வார்டுல மூணாவதுன்னா அது குட்டைத் தெரு வடிகால்தான். நான் இருந்த காலம் பூரா அதுதான் மூணாவது. ஒரு வருசம்கூட விட்டதில்ல.

குட்டைத் தெருன்னா ஒரு காலத்துல நிஜமாவே குட்டை. சுத்துப்பட்டுத் தெருவுல பெய்யுற மழையெல்லாம் அங்க வந்துதான் நிக்கும். சும்மா கிடந்துச்சு, கொசு மொய்ச்சுக்கிட்டு. எங்கப்பாதான் அதுல மண்ணைக் கொட்டி மேடாக்கி, பிளாட்டுப் போட்டு, இல்லாதப்பட்டவங்களாப் பாத்துக் குறைஞ்ச விலைக்குக் கொடுத்தாரு. தர்மம்னே வச்சுக்கோங்க. அந்தச் சனத்துக்கு டவுனுக்குள்ள ஒரு கூரை இருக்குதுன்னா எங்கப்பா புண்ணியம். என்ன, தண்ணிக்கு மட்டும் அது இன்னும் குட்டைன்னே நினைப்பு. வருசா வருசம் பழைய இடத்துக்கு வந்துடுது. அதுக்கு எங்கப்பா என்ன செய்வாரு?

ஐப்பசியில மழை பிடிச்சா முழங்காலுக்கு மேல நிக்கும். வெறும் தண்ணியா, சாக்கடையும் கலந்து. அடுப்பு முங்கிடும், அரிசி நனைஞ்சிடும், புள்ளைங்க புத்தகப் பை மிதக்கும். அப்ப யாரு போவா? நான் போவேன் சார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டுப் பாய் விரிச்சு, எங்க வாசல்ல அண்டா வச்சு சாம்பார் சாதம் கிண்டி, பொட்டலம் கட்டி ஒவ்வொரு கையிலயும் கொடுப்பேன். போட்டோகூட எடுப்பாங்க. விளம்பரத்துக்குன்னு நினைக்காதீங்க. போட்டோவுல பாத்தாத்தான் அடுத்தவனுக்கும் கொடுக்கணும்னு தோணும்.

அந்தத் தெருவுல அந்தோணிராசுன்னு ஒருத்தன். சுவர் விளம்பரம் எழுதுறவன். தேர்தலுக்கு என் பேரை ஊரு பூரா எழுதினவன் அவன்தான். அவன் கைக்கு ஒரு அழகு உண்டு சார், தூரத்துல இருந்து பாத்தாலே தெரியும். பக்கவாதம் வந்து படுத்துட்டான். பொண்டாட்டி ஸ்டெல்லா ஜவுளிக்கடையில கூட்டிப் பெருக்குறா, அந்தச் சம்பாத்தியம்தான். மழை வந்தா அவன் கட்டில் காலுக்குச் செங்கல் வச்சு உசத்துவா. தண்ணி அதையும் தாண்டினா கதவைக் கழட்டி, அது மேல அவனைப் படுக்க வச்சு, அக்கம்பக்கத்து ஆளுங்க தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வருவாங்க. ஒரு வருசம் தூக்கினவன் கால் குழியில போயி, கதவோட சாஞ்சு அந்தோணிராசு தண்ணிக்குள்ள விழுந்துட்டான். மூக்கு வாயெல்லாம் சாக்கடை. நெஞ்சுல சளி கட்டி ரொம்ப நாள் ஆஸ்பத்திரியில கிடந்தான். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ஆள் பிழைக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான்தான் ஆப்பிள் வாங்கிட்டுப் போயிப் பாத்துட்டு வந்தேன். அடுத்த வருசமும் மறக்காம அந்த வடிகாலை மூணாவதாச் சொன்னேன்.

பொம்பளைங்களுக்குப் பொம்பளை கையால கொடுத்தா நல்லா இருக்குமேன்னு தமயந்தியையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போவேன். போட்டோ முடிஞ்சதும் நான் கிளம்பிடுவேன், எனக்கு ஆயிரம் வேலை. அவ அங்கேயே உக்காந்திடுவா. ஸ்டெல்லாகூடச் சேந்துக்கிட்டு அந்தோணிராசுக்குக் கஞ்சி ஊட்டுறது, ஈரத்துணி மாத்துறது, அந்தப் பொம்பளைங்க பேசுறதைக் கேட்டுக்கிட்டு இருக்கிறது. அப்படி என்னதான் பேசுவாங்களோ. வீட்டுக்கு வந்தா வாயைத் திறக்க மாட்டா, சோறு இறங்கலைம்பா. அலுப்புன்னு விட்டுட்டேன்.

அவ கவுன்சிலரா ஆன பிறகும் ஒழுங்காத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. நான் சொல்லுவேன், அவ கையெழுத்துப் போடுவா. கூட்டத்துக்கு ரெண்டு பேருமாப் போவோம், பக்கத்துல ஒரு நாற்காலியைப் போட்டு உக்காந்து நான் பேசுவேன். நான் மட்டும் இல்ல சார், அந்த ஹால்ல பாதி வீட்டுக்காரருங்கதான். யாரும் ஒரு வார்த்தை தப்பாச் சொன்னதில்ல.

அப்பத்தான் வந்துச்சு ஒரு புது கமிஷனர். சின்னப் பொண்ணு. வந்த உடனே, ஓட்டு வாங்கினவங்க மட்டும் உள்ள, மத்தவங்க வெளியன்னுடுச்சு. எங்களையெல்லாம் வராந்தாவுல பெஞ்சுல உக்கார வச்சுட்டாங்க. பிரசவ ஆஸ்பத்திரி வாசல் மாதிரி வரிசையா வீட்டுக்காரருங்க, உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாம. பியூன் எங்களைத் தாண்டி உள்ள டீ கொண்டு போறான். ரெண்டு தடவை கவுன்சிலரா இருந்தவனுக்கு ஒரு டீ கிடையாது. எவ்வளவு கேவலம் பாருங்க.

அதோட விட்டுச்சா அந்தப் பொண்ணு? மூணு வேலைங்கிற பழக்கமே வேண்டாம், ஆளுக்கு ஒரு வேலை சொல்லுங்க போதும், அது இந்த வருசம் நடக்கலைன்னா யாருக்கு என்ன ஆகும்னும் சேத்துச் சொல்லுங்கன்னுடுச்சு. மூணாவது இடத்தையே ஒழிச்சுக் கட்டிடுச்சு சார். அப்ப குட்டைத் தெருவை நான் எங்க கொண்டு போய் வைக்கிறது? இப்படித்தான், அனுபவம் இல்லாதவங்க கையில கொடுத்தா ஏழைபாழைங்களுக்கு இருந்த ஒரு இடமும் போயிடுது.

சரி, ஒரு வேலைன்னா ஒரு வேலைன்னு நான் யோசிச்சு வச்சேன். வளைவு. எங்க வார்டு ஆரம்பிக்கிற இடத்துல, மெயின் ரோட்டுல, பெருசா ஒரு நுழைவு வளைவு. மேல எங்கப்பா பேரு, கீழ திறப்பு விழா கல்வெட்டு. அந்த வார்டுல பாதி நிலம் அவர் கைபட்டுத்தான் போச்சு, அவருக்கு ஒரு மரியாதை வேண்டாமா? நடக்கலைன்னா யாருக்கு என்ன ஆகும்னு கேட்டா, வெளியூர்ல இருந்து வர்றவங்க வழி தெரியாமச் சங்கடப்படுவாங்கன்னு சொல்லச் சொன்னேன். தமயந்தி தோசை ஊத்திக்கிட்டு இருக்கும்போதே அடுப்படியில நின்னுக்கிட்டு அவளைச் சொல்ல வச்சேன். நல்லாத்தான் சொன்னா. ஒரு வார்த்தை பிசகல.

கூட்டத்தன்னைக்கு வராந்தாவுல ஒரு ஸ்பீக்கர் பொட்டி இருந்ததால எங்களுக்கும் கேட்டுச்சு. ஒருத்தன் ஏரிக்கரையில செல்பி எடுக்க ஊரு பேரைப் பெரிய எழுத்துல வைக்கணும்னான். ஒருத்தன் ஏசி போட்ட பஸ் ஸ்டாப்பு. அங்க பஸ்ஸே நிக்கிறதில்ல சார், அந்த ரூட்டை எடுத்து வருசக்கணக்காச்சு. அப்புறம் இந்த பவுண்டன். அதைக் கேட்டவன் மேயரோட மச்சான். அவனுக்கு மட்டும், நடக்கலைன்னா யாருக்கு என்ன ஆகும்னு கமிஷனர் கேட்டதுக்கு, மேயரே பதில் சொல்லிட்டாரு, ஊருக்கு அழகுன்னு. பவுண்டனுக்கு இடம் இருக்கு, எங்கப்பாவுக்கு இல்ல. எனக்கு வயிறு எரியுமா எரியாதா?

எங்க முறை வந்துச்சு. தமயந்தி எழுந்திருக்கிறா, மைக்கு கரகரங்குது. நான் பக்கத்துல இருந்த வேலுச்சாமிகிட்ட, அவனும் ஒரு கவுன்சிலர் வீட்டுக்காரன்தான், இப்பக் கேளுன்னு சொன்னேன்.

"குட்டைத் தெருவுக்கு வடிகால் வேணும்ங்க. மெயின் ரோட்டுக்கு அடியில குழாய் போட்டு ஓடையில கொண்டு போய் விடணும். நடக்கலைன்னா, அந்தோணிராசுன்னு எங்க வார்டுல ஒருத்தர் இந்த மழையில செத்துப் போயிடுவாரு" அப்படீங்கிறா.

அவ்வளவுதான். உக்காந்துட்டா. வேலுச்சாமி என்னைத் திரும்பிப் பாத்து, என்னண்ணே, வளைவு இல்லையான்னு கேக்குறான். மாத்திக்கிட்டோம்னு சொன்னேன்.

ஒரு ஆளு. நீங்களே சொல்லுங்க, ஒரு வார்டுல எத்தனை ஆயிரம் பேர் இருக்கோம். ஒரே ஒரு ஆளை வச்சா ஊருக்குத் திட்டம் போடுவாங்க? அதுவும் எழுந்து நடக்கவே முடியாத ஆளு. ஓட்டுப் போடவே அவனைத் தூக்கிட்டுத்தான் வரணும். அந்த கமிஷனர் பொண்ணு உடனே, இதுதான் முதல் வேலைன்னு சொல்லிடுச்சு. வார்டுக்கு முதல் வேலை இல்ல சார், ஊருக்கே முதல் வேலையாம்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். கை நீட்டல, அந்தப் பழக்கம் எனக்குக் கிடையாது. ஏன்டி இப்படிப் பண்ணினே, என் மானத்தை வாங்கிட்டியே, எங்கப்பா உனக்கு என்ன குறை வச்சாருன்னு கேட்டேன். அவ பாட்டுக்குப் பாத்திரம் விளக்கிக்கிட்டு இருந்தா. திரும்பக்கூட இல்ல.

"இத்தனை வருசமாப் பொட்டலம் கட்டினது நானுங்க. எனக்குக் கை வலிக்குது."

இது ஒரு பதிலா? கை வலிச்சா ஆளு வச்சுக் கட்டியிருக்கலாமே. கேட்டிருந்தா நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்?

அப்புறம் தோண்டினாங்க பாருங்க. மெயின் ரோட்டைப் பாதி பாதியா வெட்டி, எங்க வீட்டு வாசல் வழியாவே குழாய் போகுது. வாசல்ல பலகை போட்டு நடந்தோம். தூசி, சேறு, கான்கிரீட் மிஷின் சத்தம். கடைக்காரன் எல்லாம் என்கிட்ட வந்து கத்துறான், அவகிட்ட போய்க் கத்தலாமில்ல? அவ வெயில்ல குடை பிடிச்சுக்கிட்டு அங்கேயே நிப்பா. ஒரு நாள் ஒரு குடம் தண்ணியை ஊத்திப் பாத்தாளாம், ஓடாம நின்னுச்சாம், அவ்வளவு நீளத்தையும் உடைச்சு மறுபடி போடச் சொல்லிட்டா. கான்ட்ராக்டர் என்கிட்ட வந்து கண் கலங்குறான். நம்ம காலத்துல ஒரு கான்ட்ராக்டர் அழுது பாத்திருப்பீங்களா?

கடைசியில என்ன மிச்சம்? மேல சிலாப்பைப் போட்டு மூடிட்டாங்க. உள்ள என்ன இருக்குன்னு எவனுக்கும் தெரியாது. கல்வெட்டு வைக்க ஒரு சுவர்கூடக் கிடையாது சார், தரையோட தரையாக் கிடக்குது. அது மேல சைக்கிள் நிறுத்துறான், ஒருத்தி வடகம் காயப்போடுறா. வளைவா இருந்தா போறவன் வர்றவன் எல்லாம் நிமிர்ந்து பாத்திருப்பான்.

போன வாரம் விடாமப் பெஞ்சுச்சே, அந்த மழையைத்தான் சொல்றேன். நீங்களும் பாத்திருப்பீங்க. நான் என் கடமையை விடல. அவ என்னவோ பண்ணட்டும், சனத்தை நான் பட்டினி போட முடியுமா? விடிஞ்சதுமே அண்டாவை ஏத்தியாச்சு. பள்ளிக்கூடத்தைத் திறந்து பாய் விரிச்சாச்சு. போட்டோகாரன் வந்து குடைக்குள்ள நிக்கிறான். நானும் வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறேன். ஒரு ஆள் வரல சார். மழை அடிக்குது அடிக்குதுன்னு அடிக்குது, ஒரு குஞ்சு வரல. ஒரு நாய் மட்டும் வந்து பாயில படுத்துச்சு. போட்டோகாரன் என்னண்ணே கிளம்பட்டுமாங்கிறான்.

எனக்கு ஆத்திரம் தாங்கல. பொட்டலம் பூராத்தையும் குட்டியானை வண்டியில ஏத்திக்கிட்டு நானே குட்டைத் தெருவுக்குப் போனேன். அங்க போனா தெருவுல தண்ணி இல்ல. ஈரம் இருக்கு, தண்ணி இல்ல. சிலாப்புக்கு அடியில கடகடன்னு ஓடுற சத்தம் மட்டும் கேக்குது. சனம் அவனவன் வாசப்படியில உக்காந்து மழையை வேடிக்கை பாத்துக்கிட்டு இருக்கு. இந்தாப்பா சாம்பார் சாதம்னு நீட்டுறேன். வேண்டாம்ணே, உலை வச்சாச்சுங்கிறான். ஒவ்வொரு வீட்டுலயும் இதே பதில். மரியாதையாத்தான் சொல்றாங்க, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். தெருக்கோடியில ஒருத்தன் மட்டும், கொடுங்கண்ணே, மாட்டுக்கு வைக்கலாம்னு கேட்டான்.

அந்தோணிராசு வீட்டு வாசல்ல நிக்கும்போது ஸ்டெல்லா வெளிய வந்தா. மழையில நிக்காதீங்கண்ணே, உள்ள வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கன்னா. நான் சோறு கொடுக்க வந்திருக்கேன், என்னைச் சாப்பிடக் கூப்பிடுறா. இத்தனை வருசத்துல அந்த வீட்டுக்குள்ள நான் போனதே கிடையாது. எப்படிப் போறது, எப்பப் பாத்தாலும் தண்ணிதானே நின்னுச்சு.

உள்ள போனா, அந்தோணிராசு கட்டில்ல படுத்திருக்கான். தரை காஞ்சு கிடக்குது. தலைமாட்டுல ரேடியோ பாடுது. வாசல்ல கதவு அதோட இடத்துலயே இருக்கு. கீழ, சுவத்துல சாஞ்சுக்கிட்டு, கவுன்சிலரம்மா, என் பொண்டாட்டி, தட்டுல மீன் கொழம்பு ஊத்திச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கா. சேலை முழங்கால் வரைக்கும் சேறு. விடியக்காலையில இருந்து ஓடை வாய்க்கிட்ட நின்னாளாம், குப்பை அடைக்காமப் பாத்துக்க. என்னைப் பாத்ததும், வாங்க, உக்காருங்கன்னா. சொந்த வீட்டுல சொல்ற மாதிரி.

நானும் உக்காந்தேன். பசி சார், காலையில இருந்து ஒன்னும் சாப்பிடல. ஸ்டெல்லா தட்டு வச்சுச் சோறு போட்டா. கொழம்பு நல்லாத்தான் இருந்துச்சு, அதை ஏன் பொய் சொல்லணும். பாதி சாப்பிட்டதும் எனக்கு ஒன்னு தோணுச்சு. சரி, நடந்தது நடந்துபோச்சு, இந்தச் சனம் என்னைக்கும் நம்ம சனம்தானே. அடுத்த தேர்தல்ல எங்க வார்டு பொது வார்டா மாறுதுன்னு பேசிக்கிறாங்க, ஆம்பளையும் நிக்கலாம். அதுக்குத்தான் இன்னைக்கு மாவட்டச் செயலாளரைப் பாக்கப் போறேன். அதனால சொன்னேன். ஸ்டெல்லா, அடுத்த தடவை நான் நிக்கிறேம்மா, உங்க தெரு ஓட்டு எனக்குத்தான்னு பழைய பாசத்துல சொன்னேன். மனசுல ஒன்னும் வச்சுக்காமத்தான் சொன்னேன்.

அவ சோத்துக் கரண்டியோட நின்னா.

"அக்கா நிக்கலைன்னா பாப்போம்ணே."

பாப்போமாம். எனக்கு. அந்தோணிராசு ஒரு பக்க வாயால சிரிக்கிறான். என் பேரை எழுதின கை, அது பாட்டுக்குப் போர்வை மேல கிடக்குது. நான் தமயந்தியைப் பாத்தேன். நான் நிக்கல, அவருதான் நிக்கிறாருன்னு அவ சொல்லணுமா இல்லையா? ஒரு வார்த்தை சொல்லணுமில்ல? நிமிர்ந்தே பாக்கல சார். தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து ஸ்டெல்லாங்கிறா.